நாலெழுத்து ஜாதகம்

எதிர்வீட்டு அம்மா மகனுக்குப் பெண் பார்க்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம் கையில் ஒரு பயோடேட்டாவோடு வந்தார். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அஸ்தம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரின்ட் எடுத்திருக்கிறார். பெண் பி.டெக்., பெங்களூரில் வேலை, சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி. அப்பா பெயர், அம்மா பெயர், உடன்பிறந்தவர்கள், எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசியில் "பெர்சனாலிட்டி: ஐஎன்எஃப்ஜே" என்று ஒரு வரி.

"டீச்சர், இது என்னங்க? படிப்பா, வியாதியா?"

நான் டீச்சர் இல்லை. ஒரு காலத்தில் கல்லூரியில் உளவியல் எடுத்தேன். இப்போது மருத்துவமனை, ஜவுளிக்கடை, மில், கல்லூரி என்று போய்ப் பயிற்சி வகுப்பு நடத்துவதுதான் பிழைப்பு. தெருவில் மட்டும் இன்னும் டீச்சர்.

"அந்தப் பொண்ணு ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியிருக்குங்க. அதுல வந்த முடிவு இது. குணம் எப்படின்னு சொல்றது."

"பாஸா, பெயிலா?"

"அதுல பெயில் கிடையாதுங்க."

"பெயிலே இல்லைன்னா அப்புறம் எதுக்குப் பரீட்சை?"

அவர் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வருஷக்கணக்காக இதே மாதிரிக் கேள்வித்தாள்களை ஜனங்களிடம் கொடுத்துச் சம்பாதிக்கிறவள் நான். இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குணத்தை வகை பிரிப்பது நமக்கொன்றும் புதிதல்ல. பத்துப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று பார்க்கிறோமே, அது வேறென்ன? 27 நட்சத்திரத்தையும் தேவ கணம், மனித கணம், ராட்சச கணம் என்று கணத்துக்கு ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் மகம், அதாவது ராட்சச கணம். சின்ன வயதில் நான் சோறு வேண்டாம் என்றால் பாட்டி, "ராட்சச கணமில்ல, பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்" என்பார். தேவ கணத்துத் தம்பி தட்டையே தூக்கி எறிந்தால், "புள்ளைக்குப் பசி தாங்காது." ஒரு பெயர் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகிவிடும் என்பதை உளவியல் புத்தகத்தைத் திறக்கும் முன்பே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கற்றுக்கொண்டேன்.

கிரேக்கர்களும் விடவில்லை. உடம்பில் ஓடும் நாலு நீர்மங்களை வைத்து ஆட்களை நாலாகப் பிரித்தார்கள். நம் வைத்தியத்தில் வாதம், பித்தம், ஐயம். எல்லோருக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் நாலெழுத்துக்கு வருகிறேன். எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இன்டிகேட்டர்) என்கிற இந்தக் கேள்வித்தாளின் கதை, எதிர்வீட்டு அம்மாவுக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் அது மாப்பிள்ளை விஷயத்தில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்று ஓர் அம்மா. அவர் மகள் இசபெல், கிளாரன்ஸ் மையர்ஸ் என்பவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டுக்கு அழைத்து வருகிறார். பையன் நல்லவர்தான், ஆனால் இந்த வீட்டு ஆட்கள் யோசிக்கும் விதத்துக்கும் அவர் யோசிக்கும் விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. மனிதர்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள் என்று மாமியார் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். நம் ஊராக இருந்தால் இந்த இடத்தில் வேறு விதமான தேடல் நடந்திருக்கும்.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், மன வகைகளைப் பற்றிய தன் புத்தகத்தை 1921-ல் வெளியிட்டார். தனக்குள் ஒடுங்குகிறவர் இன்ட்ரோவெர்ட், ஆட்களோடு கலக்கிறவர் எக்ஸ்ட்ரோவெர்ட் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்களே, அந்தப் பாகுபாட்டை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். 1923-ல் அது ஆங்கிலத்தில் வந்ததும் கேத்தரின் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, அதுவரை வேலைக்குப் போகாத பெண்கள் ஏராளமாகத் தொழிற்சாலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவலாமே என்று மகள் இசபெல் கேள்விகளை எழுதத் தொடங்கினார். அம்மாவும் சரி, மகளும் சரி, உளவியல் படித்தவர்கள் அல்ல. இசபெல் அதற்கு முன்பு ஒரு துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியிருந்தார்.

நாலு கேள்விகளுக்கு இரண்டிரண்டு பதில். தெம்பு ஆட்களிடமிருந்து வருகிறதா, தனிமையிலிருந்து வருகிறதா? கண்ணால் கண்டதை நம்புவீர்களா, உள்ளுக்குள் தோன்றுவதையா? முடிவை எடுப்பது கணக்கா, மனசா? எதையும் திட்டம் போட்டு முடித்துவைக்க வேண்டுமா, கடைசிவரை திறந்து வைத்திருக்க வேண்டுமா? இரண்டை நாலு தடவை பெருக்கினால் பதினாறு வகை. இதில் கெட்ட வகை ஒன்றுகூட இல்லை. இசபெல் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். எங்கள் பாட்டியிடம் இல்லாத ஒரு பெருந்தன்மை அது. அதனால்தான் இந்தக் கேள்வித்தாளை முழுசாகத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை.

இது உருப்படியாக வேலை செய்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஆட்களை ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். மலைக்கு வந்த முதல் மணி நேரத்தில் யாரும் பாடம் கேட்க மாட்டார்கள், ஏரிப் பக்கம் போய் செல்ஃபி எடுத்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு வரட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம்தான் கேள்வித்தாள். அந்தக் குழுவில் நர்சிங் இன்சார்ஜ் ஒருவர், பில்லிங் செக்‌ஷன் தலைவர் ஒருவர். இருவருக்கும் ஆகாது என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளி மத்தியானம் வரை காத்திருந்தால் சிஸ்டர் பில்லிங்குக்குப் போய்ச் சத்தம் போடுவார். பில்லிங் தலைவர் வாயைத் திறக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். திமிர் என்று சிஸ்டர் முடிவு கட்டியிருந்தார்.

கேள்வித்தாளில் இருவரும் நேரெதிராக வந்தார்கள். அதைப் பற்றிப் பேசச் சொல்லி எதிரெதிரே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், முகத்தைப் பார்த்து அல்ல. "சிஸ்டர், நீங்க வந்து நின்னுகிட்டே நாலஞ்சு கேள்வி சேர்த்துக் கேட்டா எனக்குப் பதில் வராதுங்க. காலையிலயே லிஸ்ட்டை வாட்ஸ்அப்ல போட்டுட்டீங்கன்னா ஒண்ணொண்ணா முடிச்சு வெச்சுருவேன்."

"நீங்க வேணும்னே பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேனே சார்."

"இல்லீங்க. யோசிச்சுட்டு இருப்பேன்."

இவ்வளவுதான். பல வருஷம் ஒரே தளத்தில் வேலை பார்த்தவர்கள். இருவரையும் ஏரியில் ஒரே படகில் ஏற்றி அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்கும் என்றார் ரிசார்ட் மேனேஜர், அன்று இரவு சாப்பாட்டின்போது. நடந்திருக்காது. படகில் சிஸ்டர் மட்டும்தான் பேசியிருப்பார். கையில் ஒரு தாள் இருந்ததால்தான், தன் சுபாவத்தைப் பற்றி, குறை சொல்லாமலும் குறை ஒப்புக்கொள்ளாமலும், அந்த மனிதரால் பேச முடிந்தது. அதில் இருந்த நாலெழுத்து சரியா தவறா என்பது அங்கே முக்கியமே இல்லை.

சரியா தவறா என்பது முக்கியமாகும் இடங்கள் வேறு. அங்கேதான் தகராறு.

சேலத்தில் காபித்தூள் கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பீபெரி என்ன விலை, பிளாண்டேஷன் ஏ என்ன விலை என்று எழுதியிருக்கும். பலகையில் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரிப் பிரிவு அல்ல. சேர்வராயன் மலைத் தோட்டத்தில் ஒரு காபிப் பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிய பக்கம் தட்டையாக. சில பழத்தில் ஒன்றுதான் வளரும், இடம் முழுக்கத் தனக்கே கிடைப்பதால் உருண்டு திரண்டு இருக்கும். அதுதான் பீபெரி. செடியிலேயே அது வேறு. ஆனால் ஏ கிரேடு செடியில் கிடையாது. 6.65 மில்லிமீட்டர் துளை போட்ட சல்லடையில் சலிக்கும்போது மேலே நின்றது ஏ, கீழே விழுந்தது அடுத்த கிரேடு. கொட்டைகள் சின்னதிலிருந்து பெரியது வரை எல்லா அளவிலும் விளைகின்றன, கோடு போட்டது சல்லடை. துளையைக் கொஞ்சம் மாற்றினால் நேற்றைய ஏ இன்றைக்கு பி.

மனிதரில் இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் என்பது பீபெரி மாதிரிப் பிறவியிலேயே வேறான வகையா, சல்லடை போட்ட கோடா? இதைச் சோதிப்பது சுலபம். நிறையப் பேருடைய மதிப்பெண்ணை வரைபடமாகப் போட வேண்டும். நிஜமாகவே இரண்டு வகை இருந்தால் இரண்டு மேடு தெரிய வேண்டும், நடுவில் பள்ளம். போட்டுப் பார்த்தார்கள். ஒரே மேடு, அதுவும் நட்டநடுவில். பெரும்பாலான ஆட்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் மாறினால் எழுத்தே மாறிவிடும். ஐந்து வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வித்தாளைக் கொடுத்தபோது, சில ஆய்வுகளில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போயிருந்தார்கள். 1991-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று இதையெல்லாம் அலசி, தொழில் ஆலோசனைக்கு எம்பிடிஐ-யைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சுத்த இன்ட்ரோவெர்ட், சுத்த எக்ஸ்ட்ரோவெர்ட் என்று யாரும் கிடையாது, அப்படி ஒருவர் இருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் இருப்பார் என்கிற அர்த்தத்தில் யுங்கே பேசியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பீபெரியைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018-ல் 15 லட்சம் பேருக்கு மேல் எழுதிய கேள்வித்தாள்களை வைத்து நாலு கூட்டங்கள் தெரிவதாக ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்த நாலும் சுவர் வைத்த அறைகள் அல்ல. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் நெருக்கமாக ஆட்கள் நிற்கும் இடங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1989-ல் மெக்ரே, காஸ்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எம்பிடிஐ-யின் நாலு அளவுகோலையும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் ஐந்து குணக்கூறுகளோடு ஒப்பிட்டார்கள். நாலுக்கு நாலு ஏறக்குறைய பொருந்தியது. ஆக, அம்மாவும் மகளும் கண்டது வெறும் கற்பனை இல்லை. விட்டுப்போனது ஐந்தாவது: பயம், கவலை, சட்டென்று மனம் உடைவது, கோபம் தலைக்கேறுவது. ஒரு மனிதரோடு வாழவோ வேலை செய்யவோ போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். அதைப் பற்றி நாலெழுத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லோரும் நல்ல வகை என்று ஒரு தாள் சொல்ல வேண்டுமானால் அதை விட்டுத்தானே ஆக வேண்டும்?

நல்லதாகவே சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் "உன் முடிவு" என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே விஷயம், தெருவோரப் புத்தகக் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

கல்லூரி வகுப்புகளில் இதை நான் அப்படியே செய்வதுண்டு. தமிழில், நம் பிள்ளைகளுக்குத் தோதாக எழுதிவைத்திருக்கிறேன். "வெளியே சிரித்துப் பேசினாலும் உள்ளே ஒரு கவலை உங்களுக்கு உண்டு. வீட்டில் உங்களை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நீங்கள் நினைத்தால் இதைவிட நன்றாகப் படித்திருக்க முடியும்." தனித்தனிக் கவரில் பெயர் எழுதிக் கொடுப்பேன். பக்கத்திலிருப்பவரிடம் காட்டக் கூடாது என்றதும் கவரைப் பத்திரமாக மார்போடு அணைத்துக்கொள்வார்கள். வழக்கமாக நாலும் ஐந்துமாகத்தான் விழும். ஒரு பையன் எழுந்து நின்று, "மேம், கடைசி வரியை எங்கப்பாகிட்ட கேட்டு எழுதினீங்களா?" என்றான். பிறகு கவர்களை மாற்றிப் படிக்கச் சொன்னதும் வகுப்பில் எழும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். உளவியலில் நான் நடத்துகிற பாடங்களில் பிள்ளைகள் மறக்காதது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய் இன்னொரு இணையச் சோதனை எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள், அது வேறு கதை.

வகைக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்கள் நம்புவது அளவை. 1936-ல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் இருவரும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரின் குணத்தையும் நடத்தையையும் சொல்லும் சொற்களாக ஏறக்குறைய 18,000 எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிக் ஃபைவ் என்கிறார்கள்: புதியதை நாடுவது, பொறுப்பாக முடிப்பது, ஆட்களோடு கலப்பது, இணங்கிப் போவது, கவலைப்படுவது. ஒவ்வொன்றிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எண்ணாகத்தான் சொல்வார்கள், பெயர் வைக்க மாட்டார்கள். 1991-ல் பேரிக், மவுன்ட் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எந்த வேலையானாலும் பொறுப்பாக முடிக்கும் குணம் வேலைத் திறனோடு கொஞ்சம் சேர்ந்தே போவது தெரிந்தது. கொஞ்சம்தான். அதை மட்டும் வைத்து ஒரு ஆளை எடுப்பதோ தள்ளுவதோ நியாயமாகாது.

இதற்கும் எல்லை உண்டு. அதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்யும் அக்கா. ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளி சீசன் முடிந்த சமயம், ஆலை முதலாளி பெண்களுக்கு ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் கேள்வியைப் படித்து பதிலைக் குறித்துக்கொள்வேன்.

"புதுசா வர்றவங்ககிட்ட தயங்காம பேசுவேன். ஆமாவா, இல்லையாங்க்கா?"

"யார்கிட்டங்க? பொம்பளைங்ககிட்டயா, ஆம்பளைங்ககிட்டயா?"

"பொதுவா."

"பொதுவான்னா எப்படிங்க? சந்தையில பேசுவேன். ஊட்டுல மாமனார் இருந்தா பேச மாட்டேன். அவரு காட்டுக்குப் போயிட்டா பேசுவேன்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். வால்டர் மிஷல் 1968-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதிக் கிளப்பிய சண்டை இது. ஒரு குணத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒருவர் என்ன செய்வார் என்று சொல்வது அநேகமாக வலுவில்லாத ஊகம், இடத்தையும் எதிரே நிற்கும் ஆளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்றார். உளவியல்காரர்கள் இதைப் பற்றி இருபது வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். பல சூழல்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் குணம் நிலையாகத்தான் தெரிகிறது என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறார்கள். அக்காவுக்குச் சராசரி எடுத்தால் என்ன வரும்? சந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கோ, அவர் ஒருநாளும் நிற்காத ஓர் இடம் வரும். 2013-ல் பொலிவியாவில் காட்டை ஒட்டி விவசாயமும் வேட்டையுமாக வாழும் சிமானே மக்களிடம் பிக் ஃபைவ் கேள்விகளைக் கேட்டபோது, அந்த ஐந்து தனித்தனியாகப் பிரிந்து வரவே இல்லை. ஆத்தூரில் ஒழுங்காகக் கேட்டால் எத்தனை வரும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

ஒரு வகை எப்படிச் செத்துப்போகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. "நான் டைப் ஏ மேடம், வெயிட் பண்றதே பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்லும் மேனேஜர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறேன். 1950-களில் சான்பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் சொன்னது அது. அவசரக்காரர், போட்டிக்காரர், அவருக்கு மாரடைப்பு வரும் என்றார்கள். ஆரம்ப ஆய்வுகள் ஆமாம் என்றன. பின்னால் வந்தவை பல இல்லை என்றன. அவசரத்துக்கும் இதயத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, கொஞ்சநஞ்சம் தேறியது எதிரே இருப்பவர் மேல் உள்ள எரிச்சலும் பகையும்தான். இதற்கிடையில் சிகரெட் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. நெஞ்சு வலிக்குப் பீடி, சிகரெட் காரணமில்லை, ஆளின் சுபாவம்தான் காரணம் என்றால் யாருக்கு லாபம்? மேனேஜர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். டைப் ஏ-யைக் கழற்றி வைக்க யாருக்கும் மனமில்லை.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்னிடம் நேரடியாகவே கேட்டார். சேல்ஸுக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே டெஸ்ட் வைத்து 'ஈ' எழுத்து, அதாவது எக்ஸ்ட்ரோவெர்ட் என்று வந்தவர்களை மட்டும் கொடுங்கள் என்று. எம்பிடிஐ நடத்துகிறவர்களே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்புறம் எதுக்குங்க இவ்ளோ பீஸு?" என்றார். நியாயமான கேள்விதான். செவ்வாய்ப்பேட்டையில் நான் வழக்கமாகக் கொலுசு வாங்கும் கடையில் ஒருவர் இருக்கிறார். ஒரு நாளைக்கு அவர் பேசும் பேச்சை ஒரு தாளில் எழுதிவிடலாம். கொலுசை எடுத்துத் தராசில் வைப்பார், எடையைச் சொல்வார், நாம் பார்க்கும் வரை சும்மா இருப்பார். கூட்டம் அவர் முன்னால்தான். முதலாளி கேட்ட டெஸ்ட்டில் அவர் முதல் நாளே வீட்டுக்குப் போயிருப்பார்.

இதைவிடக் கஷ்டம், பிள்ளைகள் தாங்களே தங்களை வடிகட்டிக்கொள்வது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் ஒரு இறுதியாண்டு மாணவி வந்து, குழு விவாதத்தில் உட்கார மாட்டேன் என்றாள். பயமா என்றேன். "இல்ல மேம், நான் இன்ட்ரோவெர்ட்." பயம் என்றால் பழகிப் பழகிக் குறையும். இன்ட்ரோவெர்ட் என்றால் அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. குணத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வது நிஜம். ஆனால் 2006-ல் ராபர்ட்ஸும் கூட இருந்தவர்களும் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்தான் ஆட்கள் ரொம்ப மாறுகிறார்கள், பொறுப்பு கூடுகிறது, கவலை குறைகிறது. அவளுக்கு இருபத்தொன்று. என் இருபத்தொன்றில் மேடையில் மைக் பிடிக்கச் சொன்னால் காய்ச்சல் வரும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "மேம், நீங்க பக்கா எக்ஸ்ட்ரோவெர்ட்" என்றாள்.

இப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும் அவரவர் தாளை அவரவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். வேண்டியவரிடம் காட்டலாம், கிழித்துப் போடலாம், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது குமட்டினால் அதிலேயே விசிறிக்கொள்ளலாம். நிர்வாகத்துக்குப் பிரதி கிடையாது என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு மில்லின் எச்.ஆர். போன் செய்தார். வகுப்பு பிரமாதம், எல்லோருடைய டைப்பையும் ஒரு எக்செல்லில் போட்டு அனுப்பினால் ஃபைலில் வைத்துக்கொள்வோம் என்றார்.

"அது அவங்ககிட்டத்தான் இருக்குங்க சார்."

"சரி மேடம், அப்போ ரிப்போர்ட்ல என்ன தருவீங்க?"

"ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசருங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதி வெச்சுட்டுப் போகணும்னு அவங்களே முடிவு பண்ணியிருக்காங்க. ஒரு நோட்டு வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"நோட்டா?"

"ஆமாங்க. ரூல்டு நோட்டு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். மீதிப் பணம் இன்னும் வரவில்லை.